நட்பா, காதலா? சேலத்தில் ரசிகர் கூட்டம் நடத்தித் தொகுப்பு போட நினைப்பவர்களுக்கு

கதையில் இரண்டு ஆண்கள் உயிருக்கு உயிராகப் பழகுகிறார்கள். படித்தவர்களில் ஒருவர் அதை நட்பு என்கிறார், இன்னொருவர் காதல் என்கிறார். வாட்ஸ்அப் குழுவில் இந்தப் பேச்சு பற்றிக்கொண்டால் பொழுது விடிவதற்குள் பாதிப் பேர் வெளியேறிவிடுவார்கள். அதே ஆட்களை ஒரே அறையில் உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு நூல் பிரதியைக் கையில் கொடுத்தால் மதியச் சாப்பாட்டை மறந்து பேசுகிறார்கள்.

சேலத்தில் அப்படி ஒரு கூட்டம் நடத்தி, பேசியதையும் எழுதியதையும் சேர்த்துச் சின்னதாக ஒரு தொகுப்பு கொண்டுவருவதற்குள் நாங்கள் நாலைந்து பேர் பட்ட பாடு கொஞ்சமல்ல. எவ்வளவு ஆகும், என்ன காகிதம் கேட்பார்கள், எந்த மாதத்தில் எதைச் செய்யக் கூடாது என்று சொல்லித்தர ஆளில்லை. நீங்களும் அதே அலைச்சல் அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். சேலத்துக்காரர்களுக்கும் ஏற்காட்டில் கூடலாமா என்று யோசிப்பவர்களுக்கும் நேரடியாக உதவும். மற்ற ஊர்க்காரர்கள் இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

புதிதாக வருபவர்களுக்கு இரண்டு குறிகள் தெரிந்தால் போதும். இரண்டு பாத்திரங்களைக் காதலர்களாக வைத்துப் பார்ப்பதை ஷிப் பண்ணுவது என்பார்கள். பெயர்களுக்கு நடுவில் / போட்டால் காதல் ஜோடி, & போட்டால் நட்பு அல்லது உறவு. 1970-களில் ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்கள் தங்கள் கையச்சு இதழ்களில் கிர்க், ஸ்பாக் என்ற இரண்டு பெயர்களுக்கு நடுவில் போட்ட அந்தச் சாய்கோட்டிலிருந்துதான் பிறர் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் ஆண்-ஆண் காதல் கதைகளுக்கு ஸ்லாஷ் என்ற பெயரே வந்தது.

1. முதலில் ஜோடியை முடிவு செய்யுங்கள்

"ஆண் நட்பு பற்றிப் பேசலாம்" என்று பொதுவாக அறிவித்தால் கூட்டம் அரட்டையாகிவிடும். ஒரு கூட்டத்துக்கு ஒரு ஜோடி, அதிகம் போனால் இரண்டு. மூன்று விஷயங்களைப் பாருங்கள். வருகிற எல்லோரும் ஒரே வாரத்தில் படித்து முடிக்கிற அளவா? காசில்லாமல் கிடைக்குமா? காப்புரிமை முடிந்ததா?

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. இந்தியாவில் எழுத்தாளர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. திரைப்படத்துக்கு வெளியான ஆண்டிலிருந்து அதே 60. விமர்சனத்துக்காகக் கொஞ்சம் மேற்கோள் காட்டுவதையும், கூட்டத்தில் ஒரு பகுதியை வாசிப்பதையும் 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் வேறொருவருடைய பாத்திரங்களை வைத்து நீங்கள் கதை எழுதி அச்சடித்து விற்பது வேறு விஷயம். சண்டை வராத நூலாக எடுத்துக்கொள்வதே நல்லது.

நான் சொல்வது இரண்டு. ஒன்று, புறநானூற்றில் வரும் அரசன் கோப்பெருஞ்சோழனும் புலவர் பிசிராந்தையாரும். பத்துப் பன்னிரண்டு பாட்டுதான். மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்திலும் இலவசமாகக் கிடைக்கும். இன்னொன்று, ஷெர்லாக் ஹோம்ஸும் டாக்டர் வாட்சனும். ஆர்தர் கோனன் டாய்ல் 1930-இல் இறந்துவிட்டார், கதைகள் இங்கே எப்போதோ பொதுச்சொத்தாகிவிட்டன. அமெரிக்காவில் கடைசிக் கதைகளுக்கும் 2023 ஜனவரி 1-ஆம் தேதியோடு உரிமை முடிந்துவிட்டது. பிற்காலத்தில் எடுத்த தொலைக்காட்சித் தொடர்களுக்கு இது பொருந்தாது. அவற்றில் புதிதாகச் சேர்த்த காட்சிகளும் வசனங்களும் எடுத்தவர்களுடையவை.

இன்றைய சினிமா நாயகர்களை எடுக்க வேண்டாம் என்பேன். பாத்திரத்தைப் பற்றி ஆரம்பிக்கும் பேச்சு பத்தே நிமிடத்தில் நடிகர்களின் சொந்த வாழ்க்கைக்குத் தாவும். உயிரோடு இருக்கிற இரண்டு பேரை ஜோடி சேர்த்து எழுதுவது அவதூறு வழக்கு வரைக்கும் போகலாம். வழக்கு வராவிட்டாலும் அது அநாகரிகம்தான்.

2. ஆதாரத் தாள் தயாரியுங்கள்

எல்லா வேலைகளிலும் முக்கியமானது இதுதான். இதற்கு மட்டும் இரண்டு வாரம் ஒதுக்குங்கள்.

ஒரு ஏ4 தாளைக் குறுக்காகத் திருப்பி மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் நூலில் உள்ள வரி, பாட்டு எண்ணோடு. இரண்டாவதில் எழுதியவரோ உரைகாரரோ வெளியிலிருந்து சொன்னது. மூன்றாவதில் நீங்கள் சேர்ப்பது: ஊகம், ஆசை, உங்கள் வாழ்க்கையிலிருந்து வருவது. எந்த வாதமாக இருந்தாலும் "இது எந்தப் பத்தி?" என்று கேட்டால் பாதிச் சண்டை அங்கேயே நின்றுவிடும். ஒருவர் முதல் பத்தியிலிருந்து பேச, எதிரில் இருப்பவர் மூன்றாவதிலிருந்து பதில் சொல்லிக்கொண்டிருப்பதுதான் பெரும்பாலான தகராறுகளுக்குக் காரணம்.

எங்கள் தாளிலிருந்தே ஒரு பகுதியை விரித்துச் சொல்கிறேன்.

சோழன் உறையூர்ப் பக்கம் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து பட்டினி கிடந்து, உயிர்விடத் துணிகிறான். நண்பர் பாண்டி நாட்டில். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. 216-ஆம் பாட்டில், கேள்விப்பட்டதோடு சரி, அவர் எங்கே வரப்போகிறார் என்று சுற்றியுள்ளவர்கள் சந்தேகப்படுகிறார்கள். அரசன் பதில் சொல்கிறான்: அவனிடம் பேர் கேட்டால் தன் பேராக என் பேரைத்தான் சொல்வான்; இப்போதே வருவான், அவனுக்கு இடம் விட்டு வையுங்கள். அவரும் வந்து சேர்கிறார். வந்ததைப் பார்த்துப் பொத்தியார் என்ற புலவர் வியந்து பாடியது 217. பிசிராந்தையாரும் அங்கேயே வடக்கிருந்து உயிர் விடுகிறார்.

இதில் தன் பேரைக் கேட்டால் நண்பன் பேரைச் சொல்கிற இடம் இருக்கிறதே, ஷிப் பண்ணுகிற ரசிகர் யாராக இருந்தாலும் அந்த வரிக்கு அடியில் கோடு போடாமல் விடமாட்டார். இன்னொன்றும் கிடைக்கும். 67-ஆம் பாட்டில் பிசிராந்தையார் அன்னச் சேவலைத் தூது அனுப்புகிறார். உறையூர் போ, பிசிர் ஆந்தையின் அடியேன் என்று சொல், உன் பேடை அணிய நகை தருவான் என்கிறார். பறவையைத் தூது விடுவது காதல் பாட்டின் வழக்கம்தானே என்று ஒருவர் கேட்பார். கேட்கட்டும், நியாயமான கேள்விதான். அதை முதல் பத்தியில் எழுதிவிட்டு, அந்தப் பாட்டு பாடாண் திணையில் வைக்கப்பட்டிருக்கிறது, அதாவது அரசனைப் புகழும் பாட்டாக, என்பதை இரண்டாவது பத்தியில் எழுதுங்கள். அகப்பாட்டில் தலைவன் தலைவிக்குப் பேர் சொல்லக் கூடாது என்பது மரபு. இங்கே இரண்டு பேருக்கும் பேர் இருக்கிறது, ஊர் இருக்கிறது. தொகுத்தவர்கள் இதை அகமாகப் படிக்கவில்லை என்பதற்கு அது சாட்சி. அப்படிப் படிக்கவே முடியாது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

அடுத்து 191. இத்தனை வயதாகியும் நரைக்காதது எப்படி என்ற கேள்விக்குப் பிசிராந்தையார் காரணம் சொல்லும் பாட்டு. முதல் காரணமே சிறந்த மனைவியும் அறிவு நிரம்பிய மக்களும்தான். இந்த இடத்தில் கூட்டத்தில் யாராவது "பார்த்தீர்களா, பெண்டாட்டி இருக்கிறாள், பேச்சு முடிந்தது" என்பார். முடியாது. வாட்சனுக்கும் கல்யாணம் ஆகிறது. கல்யாணம் ஆனதை வைத்து ஒருவர் மனதை அளக்க முடியாது என்பது நம் தெருவில் யாருக்கும் தெரியாததல்ல.

இரண்டாவது பத்தியில் பரிமேலழகரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நட்புக்குக் கூடிப் பழகுவது கூட வேண்டாம், ஒத்த உணர்வு போதும் என்கிற குறள் 785-க்கு அவர் இந்த இருவரைத்தான் உதாரணம் காட்டுகிறார்.

என் முடிவைக் கேட்டால், இந்தப் பாடல்கள் பேசுவது நட்பைத்தான். ஆனால் "சும்மா ஃப்ரெண்ட்ஸ்தானே" என்று முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதே போல, "இவ்வளவு ஆழமாக இருக்கிறதே, அப்படியானால் காதலாகத்தான் இருக்க வேண்டும்" என்பவர்களோடும் இல்லை. இரண்டு தரப்புமே காதலை மேல்படியிலும் நட்பைக் கீழ்ப்படியிலும் வைத்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். நட்பு தொடர்பாக மட்டும் 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரம் ஒதுக்கிய நூலைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். பார்க்காத நண்பனுக்காகப் பட்டினி கிடந்து செத்த ஆளை இன்னொரு படி ஏற்றினால்தான் பெருமை என்று நினைப்பது எனக்கு ஒட்டவில்லை.

தொடுவதைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. புது பஸ் ஸ்டாண்டில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். கல்லூரிப் பையன்கள் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, சுண்டுவிரலைக் கோத்துக்கொண்டு, ஒரே டீயை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருப்பார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வெளிநாட்டு ரசிகர்கள் நம் படத்தில் இதைப் பார்த்தால் உடனே / போடுகிறார்கள். அங்கே ஆண்கள் அப்படித் தொட்டுக்கொள்வது அபூர்வம் என்பதால் அவர்களுக்கு அது பெரிய செய்தி. நமக்கு நேர் எதிரான பழக்கம்: எதைப் பார்த்தாலும் & போட்டுவிடுவோம். இயக்குநர் விளக்கை மங்க வைத்து, இசையை நிறுத்தி, கேமராவை இரண்டு முகங்களுக்கு நடுவில் அசையாமல் வைத்தாலும் "நண்பேன்டா" என்று கைதட்டிவிட்டுப் போவோம். ஆகவே தொட்டார்களா என்று எழுதாதீர்கள். அந்தக் கதையின் உலகத்தில் மற்ற ஆண்களும் அப்படித் தொட்டுக்கொள்கிறார்களா, இவர்கள் மட்டுமா என்று எழுதுங்கள். ஹோம்ஸ் கதைகளில் இதற்கு நல்ல உதாரணம் ஒன்று உண்டு. வாட்சன் மேல் குண்டு பாய்ந்ததும், அதுவரை கல்லாக இருந்த ஹோம்ஸ் பதறுகிற இடம். அந்தப் பதற்றத்தைப் பார்ப்பதற்கு எத்தனை காயம் பட்டாலும் தகும் என்று வாட்சனே எழுதுகிறார். வழக்கத்துக்கு மாறாக நடப்பதால்தான் அதற்குக் கனம்.

மூன்றாவது பத்தியைக் கேலி செய்யாதீர்கள். ரசிகர் கதை முழுக்கப் பிறப்பது அங்கேதான். தன்பால் ஈர்ப்புள்ள வாசகர் ஒருவர், கதைகளில் தன்னைப் போல ஆளே இல்லையே என்று தேடித் தேடி, கிடைத்த ஒரு பார்வையைப் பிடித்துக்கொள்கிறார். அது நூலில் இல்லை என்று நீங்கள் காட்டலாம். அவருக்கு அது தேவையில்லை என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. ஜாடை காட்டி ரசிகரை இழுத்துவிட்டுப் பேட்டியில் சிரித்து மழுப்புகிற தொடர்கள் நிறைய வந்துவிட்டன. அவற்றின் மேல் இருக்கிற கோபமும் கூட்டத்தில் வெளிவரும். வரட்டும், அதற்கும் இடம் விடுங்கள்.

3. இடம்: கீழேயா, மலையிலா

முதல் கூட்டம் சேலத்திலேயே வையுங்கள். பதினைந்து இருபது பேருக்கு உணவகங்களின் பார்ட்டி ஹால் போதும். பல இடங்களில் தனி வாடகை கிடையாது, தலைக்கு இத்தனை பிளேட் என்று கணக்கு. ஏசி போட்டால் தனிக் காசா, எத்தனை மணி வரை, குறைந்தது எத்தனை பேர் என்ற மூன்றையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டு ரசீதில் எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு கூட்டத்தன்று செல்லாது. யாராவது வீட்டு மொட்டை மாடி தந்தால் இன்னும் நல்லது. ஷாமியானா, நாற்காலி வாடகை மட்டும்தான் செலவு.

தை, ஆவணி முகூர்த்த நாட்களில் ஹால் கிடைக்காது, கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும். ஆடியில் ஹால் காலியாக இருக்கும், பேரம் பேசலாம். ஆனால் கோட்டை மாரியம்மன் பண்டிகை வாரத்தில் அந்தப் பக்கம் வண்டி நகராது. ஐந்து ரோடு, அஸ்தம்பட்டிப் பக்கமாகப் பாருங்கள்.

கல்லூரி அரங்கம் கேட்பதானால் முதல்வருக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். தலைப்பு, நாள், நேரம், எத்தனை பேர், பொறுப்பாளர் இருவரின் ஆதார் நகல், ஒரு பேராசிரியரின் பரிந்துரை. ஒரு மாதம் முன்பே கொடுங்கள். தலைப்பைப் பார்த்துத் தயங்குவார்கள். ஒரு இடத்தில் எங்கள் கடிதத்தை மேசைக்கு மேசை அனுப்பிவிட்டு, கடைசியில் பதிலே தரவில்லை. அதற்காகத் தலைப்பை மறைக்காதீர்கள், அன்றைக்கு விஷயம் தெரிந்து பாதியில் நிறுத்தினால் அது பெரிய தலைவலி. "இலக்கியத்தில் ஆண் நட்பும் காதலும்: வாசகர் பார்வைகள்" என்று நேராகவே எழுதலாம். சட்டப்படி தப்பில்லையா என்று யாராவது கேட்டால், வயது வந்த தன்பாலினத்தவரின் விருப்ப உறவு குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ஆம் தேதியே இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு வழக்கில் சொல்லிவிட்டது. ஒரு பழைய பாட்டைப் பற்றிப் பேசுவதற்கு அந்தத் தீர்ப்பு தேவையே இல்லை என்பது வேறு.

ஏற்காடு? இரண்டாவது கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு, பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். வாந்தி எடுப்பவர்கள் இருந்தால் வந்து சேர்ந்ததும் அரை மணி நேரம் பேச்சே ஆரம்பிக்காதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் அறை வாடகை எகிறிவிடும், கோடை விழா நேரத்தில் கேட்கவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மண்சரிவு வந்தால் அடிவாரச் சாலையை மூடிவிட்டுக் குப்பனூர் வழியாகத் திருப்பி விடுவார்கள். ஜூலை, ஆகஸ்ட் அல்லது பிப்ரவரியில் ஒரு வேலை நாள்தான் சரியான நேரம். தங்கும் விடுதியில் ஆள் ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை கேட்பார்கள். ஒருவர் மறந்தாலும் எல்லோரும் வரவேற்பறையில் நிற்க வேண்டியதுதான். லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட் பக்கம் திறந்தவெளியில் உட்கார்ந்து பேசலாம் என்று தோன்றும். கூட்டம், குரங்கு, காற்று மூன்றும் சேர்ந்து தாளைப் பிடுங்கிக்கொண்டு போகும். காபி எஸ்டேட்டுக்குள் இருக்கிற விடுதிகளில் சிக்னல் பல நேரம் எடுக்காது, பாட்டுகளை முன்பே அச்செடுத்துக்கொண்டு போங்கள். கீழே இறங்க வேண்டியவர்கள் கடைசி பஸ் நேரத்தைக் காலையிலேயே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.

4. அழைப்பும் ஆளும்

அழைப்பில் 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் என்று போடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் ஆர்வமாகக் கேட்பார்கள், ஆனாலும் வேண்டாம். பெற்றோர் கடிதம் வாங்கினாலும் பொறுப்பு உங்கள் தலையில்தான் வரும்.

பதிவுப் படிவத்தில் புனைபெயரும் ஒரு தொலைபேசி எண்ணும் போதும். சேலம் பெரிய ஊர்தான், ஆனால் செவ்வாய்ப்பேட்டையில் பார்த்ததை அம்மாபேட்டையில் சொல்கிற ஊர். புகைப்படம் வேண்டாம், எடுத்தே ஆக வேண்டுமென்றால் கையும் தாளும் மட்டும். எந்தப் பக்கம் வாதாடுகிறார் என்பதை வைத்து ஒருவரின் சொந்த வாழ்க்கையை ஊகிக்கக் கூடாது என்பதை அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். காதல் என்று படிப்பவர்களில் கல்யாணமாகிக் குழந்தை குட்டியோடு இருக்கிற பெண்கள்தான் எங்கள் குழுவில் அதிகம்.

வருவதாகச் சொல்பவர்களில் மூன்றில் ஒருவர் வரமாட்டார். தலைக்கு நூறு ரூபாய் முன்பே வாங்கினால் இது குறையும்.

5. கூட்டத்தன்று

காலை பத்து முதல் ஒன்று வரை போதும். முதல் அரை மணி நேரம் பாட்டைச் சத்தமாக வாசிப்பது மட்டும், விளக்கம் கூடாது. அப்புறம் பக்கம் மாற்றி வாதம்: நட்பு என்று நம்புகிறவர் காதலுக்காகப் பேச வேண்டும், காதல் என்பவர் நட்புக்காக. முதலில் முனகுவார்கள். பிறகு நிறுத்தவே முடியாது. எங்கள் கூட்டத்தில் ஷிப் என்றாலே முகம் சுளிக்கிற ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், அந்த அன்னச் சேவல் பாட்டை எடுத்துக் காதலுக்காக வாதாடிய மாதிரி வேறு யாரும் வாதாடவில்லை. முடித்துவிட்டு, "இதெல்லாம் வாதத்துக்குத்தான்யா" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார்.

மைக் வேண்டாம். ஒலிபெருக்கி வைத்தால் காவல் நிலைய அனுமதி என்று அது தனி வேலை. படக் காட்சிகளைத் திரையில் போட்டுக் காட்டுவதும் உரிமம் கேட்கிற விஷயம், தவிர்த்துவிடுங்கள். பதினொன்றரைக்குத் தட்டுவடை செட் வந்தால் பேச்சு தானாக நிற்கும். பீட்ரூட், காரட் துருவலும் சட்னியும் வைத்த செட் ஊறிவிடும் என்பதால் அரை மணி முன்பு கட்டச் சொல்லாதீர்கள், தள்ளுவண்டிக்காரர் நம்பர் வாங்கி அந்த நேரத்துக்கே வரச் சொல்லுங்கள். ஆதாரத் தாளில் சட்னி கறை படாமல் பார்த்துக்கொள்ள ஒருவரைப் போடுங்கள், அந்தத் தாள்கள்தான் தொகுப்புக்கு மூலம்.

6. தொகுப்பு அச்சடிப்பது

ஏ5 அளவு, 32 பக்கம், நடுவில் பின். பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும், இல்லையென்றால் கடைசியில் வெற்றுப் பக்கம் வரும். 32 பக்கம் என்றால் எட்டு ஏ4 தாள், இரண்டு பக்கமும். ஜெராக்ஸ் ஏ4 பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய் என்று வைத்தால் உள்தாள் 24 ரூபாய். கெட்டி அட்டைக்கும் பின் அடிப்பதற்கும் இன்னொரு பத்துப் பதினைந்து. ஆக ஒரு பிரதி 40 ரூபாய்க்குள் அடங்கும், 40 பிரதிக்கு 1,600 ரூபாய் எடுத்து வையுங்கள். ஆஃப்செட் எல்லாம் சில நூறு பிரதிக்கு மேல் போனால்தான் கட்டுப்படியாகும்.

பெரிய பொறி எழுத்துருதான். நீங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்த கோப்பை வேர்டாகக் கொடுத்தால், டிடிபி கடைக் கணினியில் திறக்கும்போது "கொ", "போ" எல்லாம் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகப் பிரிந்து கிடக்கும். சில கடைகளில் இன்னும் பழைய எழுத்துருதான், மாற்றிக் கொடுப்பதற்குத் தனிக் காசு, மாற்றும்போது புதுப் பிழைகள் வேறு. எழுத்துரு உள்ளே பதிந்த பிடிஎஃப் ஆகவே கொடுங்கள். முதலில் ஒரே ஒரு பிரதி எடுத்து, பக்க வரிசையையும் ஒற்றெழுத்துகளையும் பார்த்துவிட்டு மீதியை ஓட விடுங்கள். கல்யாணப் பத்திரிகை சீசனிலும் தேர்தல் நேரத்திலும் உங்கள் 40 பிரதியை யாரும் சீந்தமாட்டார்கள், பத்து நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

நூலுக்கான சர்வதேச அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் வேண்டுமென்றால் இந்தியாவில் இலவசம், ராஜா ராம்மோகன் ராய் முகமையின் தளத்தில் விண்ணப்பிக்கலாம். இதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகர்கள் பக்கம் போகாதீர்கள். பொது விற்பனைக்கு நூலாகவே வெளியிட்டால் 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். கூட்டத்துக்கு வந்தவர்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் சுற்றுப் பிரதி என்றால் முதல் பக்கத்தில் "தனிச் சுற்றுக்கு மட்டும்" என்று போடுங்கள். எழுதிய ஒவ்வொருவரிடமும் ஒரு வரி சம்மதம் வாங்கி வையுங்கள், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் சரி. ஆறு மாதம் கழித்து ஒருவருக்குக் கல்யாணம் நிச்சயமாகும், என் கட்டுரையை எடுத்துவிடுங்கள் என்பார். அப்போது எடுத்துவிடவும் வேண்டும்.

7. இணையத்தில் ஏற்றுவது

கட்டுரைகளை எங்கே வேண்டுமானாலும் போடலாம். கதைகளுக்கு ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற ரசிகர் கதைத் தளம்தான் வசதி. விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை, லாப நோக்கமற்ற அமைப்பு நடத்துவது. கணக்கு உடனே கிடைக்காது. மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு வரிசையில் காத்திருக்க வேண்டும். ஆகையால் கூட்டத்துக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். வரைவாகச் சேமித்த கதை ஒரு மாதத்தில் அழிந்துவிடும், பிரதியைக் கணினியிலும் வைத்திருங்கள். கதைக்குக் கீழே ஜிபே எண்ணோ நன்கொடை இணைப்போ போட்டால் விதிமீறல்.

உறவுக் குறியில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். அதே ஜோடிக்கு / மற்றும் & இரண்டையும் போட்டால் இரண்டு பக்க வாசகர்களும் வந்து, இரண்டு பக்கமும் கோபித்துக்கொண்டு போவார்கள். உங்கள் கதையில் காதல் நடக்கிறதா? சாய்கோடு. நடக்கவில்லை, வாசகர் விருப்பப்பட்டால் அப்படிப் படிக்கலாமா? & போட்டுவிட்டு, எப்படியும் படிக்கலாம் என்று கூடுதல் குறிச்சொல்லில் எழுதுங்கள். மூலத்தில் இருப்பது இதுதான் என்று முன்னுரையில் வாதாடாதீர்கள். அது ஆதாரத் தாளின் வேலை.

வயது மதிப்பீட்டைக் குறைத்துப் போடாதீர்கள். ஆபாசமானதை மின்னணு வடிவில் வெளியிட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-ஆம் பிரிவில் முதல் முறைக்கே மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். பாலியல் செயலை வெளிப்படையாகக் காட்டினால் 67ஏ, அது இன்னும் கடுமை. 18 வயதுக்குக் கீழான பாத்திரங்களை வைத்து அந்த மாதிரி எதுவும் எழுதவே எழுதாதீர்கள். படுக்கையறைக் காட்சி இல்லாமலே நல்ல ஸ்லாஷ் கதை எழுத முடியும், எங்கள் தொகுப்பில் இருப்பவை எல்லாம் அந்த வகைதான்.

பின்னூட்டத்தில் பெயரில்லாதவர்கள் வந்து திட்டினால் பதில் சொல்ல வேண்டாம். விருந்தினர் பின்னூட்டத்தை நிறுத்தும் வசதி கதை ஏற்றும் பக்கத்திலேயே கீழே இருக்கிறது, கணக்கு உள்ளவர்களுக்கு மட்டும் கதை தெரியும்படியும் வைக்கலாம். ஊர்ப் பெயர், கல்லூரிப் பெயர், ஹால் பெயர் எதுவும் குறிப்பில் வேண்டாம். கடைசியாக, கணக்கின் கடவுச்சொல்லைக் குழுவில் இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள். ஏற்றியவருக்கு வெளியூர் வேலை கிடைத்துப் போய்விட்டால், எடுக்கச் சொன்ன கட்டுரையை எடுக்க ஒரு ஆள் வேண்டும்.